போர்க்களத்தில் சாயங்காலம்

ஜூன் 4

அன்புள்ள வாலுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். கை உன் அண்ணியுடையது, வாய் என்னுடையது. ஒரு வருஷமாக எனக்குக் கண் சரியில்லை. முழுக்கப் போய்விடவில்லை. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரிவதில்லை. நடுவில் யாரோ எண்ணெய்க் கையால் தடவிவிட்ட மாதிரி இருக்கிறது. ஓரங்கள் தெரிகின்றன, நிறம் தெரிகிறது. உன் அண்ணி எதிரே நின்றால் காதும் தோளும் தெரியும், முகம் தெரியாது. இதை உனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாம்தான் இரண்டு வருஷமாக ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறோமே, எங்கே சொல்வது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டேன்.

படச் சான்றிதழ் குழுவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. உன் படத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் பார்க்கலாமா, பெரியவர்களுக்கு மட்டும்தானா என்று குழுவில் பாதிக்குப் பாதி நின்று அடித்துக்கொள்கிறார்களாம். நீ படமாக்கிய பழைய காவியத்தை மொழிபெயர்த்தவன் என்ற முறையில் நான் ஒரு கருத்துச் சொன்னால் அதன்படி முடிவெடுத்துவிடலாம் என்றார்கள். படம் எடுத்தவள் என் தங்கை, என்னைக் கேட்பது முறையில்லை என்று குழுத் தலைவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் உங்களைக் கேட்கிறோம் என்றார். பார்வை கொஞ்சம் மங்கல் என்று மட்டும் சொன்னேன். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள்.

சின்ன அரங்கு. நானும் உன் அண்ணியும் மட்டும். திரையில் நடப்பதையெல்லாம் அவள் என் காதோடு சொல்லிக்கொண்டே வந்தாள். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். திரைக்கதையை நீ வாசித்துக் காட்டிய அன்று, இது காவியமா கசாப்புக் கடையா என்று கேட்டவன் நான். என் பெயரைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னவனும் நான். நீயும் சும்மா இருக்கவில்லை. காவியத்தின் காயத்துக்கெல்லாம் கட்டுப்போட்டு வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டவர் நீங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாய்.

இப்போது சொல்கிறேன், நீ ஜெயித்துவிட்டாய். எவ்வளவு அடக்கம்! ஓர் ஆற்றுக்காக அண்ணனும் தம்பியும் செய்த போரை, ஒரு சொட்டு ரத்தம் காட்டாமல் சொல்லியிருக்கிறாய். வாள் ஓங்குகிறது, அடுத்த கணம் ஆள் விழுந்து கிடக்கிறான். நடுவில் உள்ளதை எங்களிடம் விட்டுவிட்டாய். அதற்கும் மேலே அந்தச் சிவப்பு. காவியத்தில் ஒவ்வொரு நாள் போரும் விடியலில் தொடங்கி உச்சிப்பொழுதில் முடிகிறது. நீ அதை அந்திக்கு மாற்றிவிட்டாய். எனக்குத் திரையின் ஓரமெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. “ஏன் இவ்வளவு சிவப்பா இருக்கு?” என்று கேட்டேன். “சாயங்காலம். சூரியன் இறங்குது” என்றாள் உன் அண்ணி. ஆயிரம் வருஷமாக யாருக்கும் தோன்றாதது உனக்குத் தோன்றியிருக்கிறது.

ஒரே ஒரு குறை. களத்தில் சேறு அதிகம். குதிரைகள் சேற்றில் கால் வைத்து எடுக்கும் சத்தம் படம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடுங்கோடையில் நடக்கும் போரில் அவ்வளவு சேறு எங்கிருந்து வந்தது? ஏதாவது குற்றம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று உனக்குத் தெரியும். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

ஜூலை பத்துக்குள் கருத்தை அனுப்ப வேண்டும். எந்த வயதுப் பிள்ளைக்கும் தயங்காமல் காட்டலாம் என்று எழுதப் போகிறேன். போனில் பேசலாம்தான். பேசினால் இரண்டாவது நிமிஷம் நாம் எங்கே போய் நிற்போம் என்று இருவருக்கும் தெரியும். அதனால் எழுது.

அண்ணன்


ஜூன் 11

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை ஸ்டூடியோ மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அழுத முகத்தோடு உள்ளே போனால் படம் ஊத்திக்கொண்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். முப்பத்தாறு பேர் இருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் பார்க்கலாம் என்று சான்றிதழ் வந்தால்தான் அடுத்த படம், இல்லாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். வண்ணப் பிரிவில் இரண்டு பேர் இப்போதே வேறு இடத்தில் வேலை கேட்டிருக்கிறார்கள். தெரியாத மாதிரி இருக்கிறேன்.

முதலில் கண். ஒரு வருஷமாகவா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நான் சண்டைக்காரிதான், அதற்காக இதைக்கூடச் சொல்லாமல் இருப்பீர்களா? எந்த டாக்டர், என்ன சொன்னார், வேறு யாரிடமாவது காட்டினீர்களா என்று அண்ணி தனியாக எழுதட்டும். நீங்கள் சொன்னால் பாதியை முழுங்கிவிடுவீர்கள்.

நீங்கள் என் படத்தைப் பாராட்டி எழுதியதைப் படித்து எனக்குத் தலைகால் புரியவில்லை. சிறு வயதில் நான் வரைந்த படங்களைக் கூட நீங்கள் பாராட்டியதில்லை. யானைக்கு முழங்கால் தப்பாக இருக்கிறது என்பீர்கள், நான் அழித்து அழித்துக் காகிதத்தை ஓட்டை போட்டுவிடுவேன். அப்படிப்பட்டவர் அடக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை என்னுடனேயே வைத்துக்கொண்டு அலைகிறேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு அவர்கள் காட்டியது எந்தப் பிரதி? நாங்கள் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். அவர்களே எதையாவது வெட்டிவிட்டுக் காட்டினார்களா? கடைசிப் போரில் பெரியப்பா, யாரென்று தெரியாமல் தம்பி மகனை வீழ்த்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்க்கிறாரே, அந்த இடம் வந்ததா? அதில் என்ன பார்த்தீர்கள்? அண்ணி எல்லாவற்றையும் சொன்னாரா?

அந்தியைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. சேற்றைப் பற்றியும் அப்படியே. முதலில் இதற்குப் பதில் எழுதுங்கள்.

உங்கள் வாலு


ஜூன் 17

அன்புள்ள வாலுக்கு,

திட்டினாலும் சண்டை, புகழ்ந்தாலும் சந்தேகம். உன்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முழுப் படத்தைத்தான் பார்த்தேன். கடைசியில் பெயர்கள் ஓடி முடிந்து விளக்குப் போடும் வரை உட்கார்ந்திருந்தோம். அண்ணி எல்லாவற்றையும் சொன்னாளா என்று கேட்கிறாய். நீதிமன்றத்தில் முப்பது வருஷம் சுருக்கெழுத்து எழுதியவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஒரு வழக்கில், சாட்சி இருமினார் என்று எழுதி வைத்தவள் அவள். இதெல்லாம் எதற்கு என்று வக்கீல் கேட்டதற்கு, எதை விடுவது என்று முடிவு செய்வது என் வேலை இல்லை என்றாளாம். அவளுக்கு விடத் தெரியாது. நான் ஒரு நாள் சாப்பாட்டில் உப்பில்லை என்று சொன்னதை ஏழு வருஷம் கழித்துத் தேதியோடு எடுத்துக் காட்டியிருக்கிறாள்.

தலைக்கவசக் காட்சியும் வந்தது. பெரியப்பா மண்டியிடுகிறார், கவசத்தைக் கழற்றுகிறார். “பையன் தூங்குற மாதிரி இருக்கான்” என்றாள் உன் அண்ணி. உடனே அடுத்த காட்சிக்குப் போய்விட்டாள். நானும் கேட்கவில்லை. அந்த இடத்தில்தான், நான் உன்னிடம் பேசிய பேச்சு எல்லாம் தப்பு என்று எனக்கு உறைத்தது.

என் கருத்தை என் பெயரோடு பத்திரிகைகளுக்கும் கொடுக்கப் போகிறார்களாம். கொடுக்கட்டும். பார்ப்பவர்களிடமெல்லாம் உன் படத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். மருந்துக்கடைக்காரர் நேற்று நான் வருவதைப் பார்த்ததும், சார், சாயங்காலம் சண்டைதானே, சொல்லிட்டீங்க என்றார்.

அண்ணன்

வாலு, இது நான். அவர் சொல்லி எழுதியது மேலே முடிந்துவிட்டது. கண்ணைப் பற்றிய விவரம் தனித் தாளில் வைத்திருக்கிறேன். இன்னொன்று. உன் அண்ணன் ரொம்ப நாளைக்குப் பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கிறார். நீ எதையும் துருவ வேண்டாம். — அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். போனில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக் கூப்பிட்டேன். அண்ணி எடுத்தார், நான் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். உங்களுக்கு ராங் நம்பர் என்று சொல்லியிருப்பார்.

இங்கே எல்லோருக்கும் விஷயம் தெரியும். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் சொல்லிவிட்டேன். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும், நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள், வாயை மூடிக்கொண்டிருங்கள் என்கிறார்கள். தயாரிப்பாளர் என் மேஜை மேல் வந்து உட்கார்ந்துகொண்டு, “உங்க அண்ணனே நல்ல படம்னு எழுதித் தர்றார். அதைப் போய் வேணாம்னு சொல்லுவீங்களா?” என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றுதான் நானும் ஒரு வாரம் இருந்தேன். நன்றாகவும் இருந்தது. காலையில் எழுந்ததும் அண்ணன் நம்மோடு பேசுகிறார் என்ற நினைப்பு முதலில் வரும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.

அண்ணா, எங்கள் படத்தில் சாயங்காலமே இல்லை. ஒவ்வொரு போரும் விடியலில் தொடங்கி உச்சிவெயிலில் முடிகிறது, காவியத்தில் இருக்கிற மாதிரியே. நீங்கள் பார்த்த சிவப்பு ரத்தம். அதற்கென்று ஏழு சிவப்புக் கலந்தோம். அப்போது வந்தது, காய்ந்தது, ஆற்றுத் தண்ணீரில் கரைவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. களத்தில் சேறும் இல்லை. நீங்கள் கேட்டது, வாள் உடம்புக்குள் போய் வெளியே வருகிற சத்தம். தர்பூசணிக்கு ஈரத் துணியைச் சுற்றிக் குத்திக் குத்திப் பதிவு செய்தோம். அந்தப் பையனும் தூங்கவில்லை. கவசத்தைக் கழற்றும்போது கோடரி விழுந்த பக்கம் முகமே இல்லை. அந்த ஒரு காட்சியை நானே என் கையால் வரைந்தேன், வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

அண்ணி ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர் மேல் கோபப்படாதீர்கள். ஆனால் அந்தக் கருத்தை அனுப்பாதீர்கள். படம் வந்ததும் ஊரே சிரிக்கும். என்னைப் பார்த்துச் சிரித்தால் பரவாயில்லை, உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது.

வாலு


ஜூன் 29

அன்புள்ள வாலுக்கு,

இந்த முறை என்ன இவ்வளவு சுருக்கமாக முடித்துவிட்டாய்? வேலை அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதானா? கையில் வாங்கியபோது கனமாக இருந்ததே என்று கேட்டேன். உன் எழுத்துப் பெரிது, அதனால் தாள் அதிகம் என்றாள் உன் அண்ணி. எனக்காகத்தான் பெரிதாக எழுதுகிறாயோ என்று நினைத்துக்கொண்டேன். அதற்கெல்லாம் அவசியமில்லை, பெரிதாக எழுதினாலும் எனக்குத் தெரியாது.

கருத்தைச் சொல்லி எழுத வைத்துவிட்டேன். மூன்று பக்கம் வந்தது. படித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். இந்தக் கடிதத்தோடு சேர்த்து உன் அண்ணி அதையும் தபாலில் போடுகிறாள். சான்றிதழ் வந்ததும் ஒரு முறை வந்துவிட்டுப் போ. நான் எதுவும் குறை சொல்ல மாட்டேன். சொன்னாலும் சேற்றைப் பற்றி மட்டும்தான்.

அண்ணன்

வாலு, உன் கடிதத்தில் இருந்ததை நான் அவருக்குப் படிக்கவில்லை, வேலை அதிகம் என்று நானாக இரண்டு வரி சொல்லி முடித்துவிட்டேன்.

என் வேலையில் நான் ஒரு வார்த்தை விட்டதில்லை. யாருக்குத் தூக்கு, யாருக்கு விடுதலை என்று பார்த்து நான் பேனாவை நிறுத்தியதில்லை. அந்த அரங்கில் முதல் வாள் பாய்ந்ததும் உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன நடக்கிறது என்று கேட்டார். உள்ளதைச் சொன்னால் எழுந்து போய்விடுவார், அதோடு நீயும் அவரும் தீர்ந்தீர்கள் என்று தோன்றியது. வாய் தானாக வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டு மணி நேரம் நானாக ஒரு படம் சொன்னேன்.

அவருடைய கருத்தை நான் தபாலில் போடப்போவதில்லை. என் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. பத்தாம் தேதி தாண்டட்டும், தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். குழு எப்படியாவது முடிவெடுத்துக்கொள்ளட்டும். யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். அவருக்கு ஒரு தங்கை இருக்கட்டும். இதை விட்டுவிடு. — அண்ணி


ஜூலை 2

அன்புள்ள அண்ணி,

இது அண்ணாவுக்கு எழுதும் கடிதம். ஆனால் உங்கள் வாயைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் முதலில் உங்களிடம் பேசுகிறேன். இந்தப் பகுதியையும் அவருக்குப் படியுங்கள்.

நீங்கள் எனக்காகச் செய்தீர்கள். எனக்கு அது தெரிகிறது. அம்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருப்பாளா என்று தெரியாது. உங்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

ஆனால் அண்ணி, அவர் சமாதானமானது என்னோடு இல்லை. நீங்கள் அவர் காதில் சொன்னீர்களே, சாயங்கால வெளிச்சத்தில் யாருக்கும் வலிக்காமல் படம் எடுக்கிற ஒரு தங்கை, அவளோடு சமாதானமாகியிருக்கிறார். அவளை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவளுக்குத்தான் கடிதம் போடுகிறார், அவளைத்தான் வீட்டுக்குக் கூப்பிடுகிறார். நான் வந்து உங்கள் கூடத்தில் உட்கார்ந்தால் யாராக உட்காருவது? சேற்றைப் பற்றி அவர் கேட்டால் என்ன சொல்வது? ஒவ்வொரு வார்த்தைக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டியிருக்கும்.

என்னோடு சண்டை போட்ட அண்ணன், என் திரைக்கதையில் ஒரு வரி விடாமல் கேட்டுவிட்டுத்தான் சண்டை போட்டார். எந்தப் பாட்டில் எந்த வரியை நான் கூட்டினேன், எதைக் குறைத்தேன் என்று சொல்லிச் சொல்லித் திட்டினார். என் வேலையை அவ்வளவு கவனமாக வேறு யாரும் பார்த்ததில்லை. எனக்கு அந்த அண்ணன்தான் வேண்டும். கோபமாக இருந்தாலும் அவர்தான் வேண்டும்.

இனி அண்ணாவுக்கு. அண்ணி, தயவு செய்து உரக்கப் படியுங்கள்.

அண்ணா, போன கடிதத்தில் நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். படத்தில் அந்தி இல்லை, அது ரத்தம். சேறு இல்லை, அது வாள். பையன் தூங்கவில்லை. நீங்கள் அன்று திட்டிய எல்லாம் அப்படியே இருக்கின்றன, சிலது கூடியும் இருக்கின்றன. நான் ஒரு காட்சியையும் மாற்றவில்லை. உங்கள் பாராட்டை நான் வாங்கிக்கொள்ள முடியாது.

எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இருங்கள். அண்ணியோடு மட்டும் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

வாலு


ஜூலை 9

வாலு,

இதையும் உன் அண்ணிதான் எழுதுகிறாள். நான் சொல்வதை விடாமல் எழுதுகிறாளா என்று சரிபார்க்க எனக்கு வழியில்லை. எழுதுவாள் என்று நினைக்கிறேன். அப்படி நினைத்துக்கொண்டுதான் இனிமேல் நான் இந்த வீட்டில் இருக்க முடியும்.

உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். குரல் பிசகவில்லை. படித்து முடித்ததும், விட்டுப்போன பழைய கடிதத்தையும் எடுத்து வந்து படித்தாள். துணிக்கு அடியிலிருந்து என் மூன்று பக்கத்தையும் எடுத்து என் கையில் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தங்கச்சி வேணும்னு தோணிச்சு. படம் எப்படி இருந்தா எனக்கென்ன?” என்றாள்.

நான் இரண்டு நாள் பேசவில்லை. அவளும் பேசவில்லை. என்னை முட்டாளாக்கிவிட்டாள் என்று நினைத்து நினைத்துப் பொருமினேன். மருந்துக்கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். கோடரி விழுந்து பிளந்தது என்று காவியத்தின் மூலத்தில், அந்தப் பழைய பாட்டில், நாலு வரி இருக்கும். அதை நான் மொழிபெயர்ப்பில் ‘வீழ்ந்தான்’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறேன். கேட்பவர்கள் தாங்க மாட்டார்கள் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு. அவள் அரங்கில் செய்ததும் அதைத்தான். அவளைத் திட்டுவதற்கு எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்று தெரிந்ததும் மூன்றாம் நாள் காலையில், வா, மறுபடி பார்க்கலாம் என்றேன்.

குழுவிடம் கேட்டு மறுபடி போட வைத்தோம். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னாள். நீதிமன்றத்தில் படித்துக் காட்டுவது போல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். குடல் என்றாள், எலும்பு என்றாள். எனக்கு இரண்டு முறை எழுந்து போய்விடலாம் போல இருந்தது. தலைக்கவசம் வந்தபோது நிறுத்திவிட்டாள்.

“சொல்லு” என்றேன்.

“என்னால முடியல” என்றாள்.

அப்போது நான் பழைய பாட்டின் அந்த நாலு வரியை மெல்லச் சொன்னேன். எதிலிருந்து எது வரை பிளந்தது, எந்தக் கண் மிஞ்சியது, பெரியவன் கையில் என்ன ஒட்டியது என்று அந்தக் கவிஞன் ஒன்றையும் விடாமல் சொல்லியிருப்பான். நான் சொல்லச் சொல்ல அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், “அப்படியேதான் இருக்கு” என்றாள். நான் அழுதேன், வாலு. முதல் தடவை சாயங்காலம் என்று கேட்டு நெகிழ்ந்தது போல இல்லை இது. பக்கத்தில் படம் ஓட்டும் ஆபரேட்டர் நிற்கிறார் என்பதுகூட நினைவில்லாமல் அழுதேன். இத்தனை வருஷம் அந்தப் பையனை நான் ஒரு சொல்லில் புதைத்து வைத்திருந்தேன்.

இனி என் தீர்ப்பு. உனக்குப் பிடிக்காது.

படத்தில் மூன்று சாவு கவிஞனுடையது. அந்த மூன்றையும் நீ தொட்ட விதத்துக்கு நான் ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. மீதிச் சாவெல்லாம் உன்னுடையது. நீங்கள் முப்பத்தாறு பேரும் கை அரிப்புக்கு வெட்டியிருக்கிறீர்கள். இரண்டாவது போர் ரொம்ப நீளம். அங்கே யார் செத்தாலும் யாருக்கும் ஒன்றுமில்லை. காவியத்தில் ஒருவன் செத்தால் அவனுக்கு ஒரு அம்மா இருப்பாள், ஒரு ஊர் இருக்கும். உன் இரண்டாவது போரில் செத்தவர்களுக்கு யாருமே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

குழுவுக்கு இன்று எழுதி அனுப்பிவிட்டேன். படம் காவியத்துக்கு உண்மையாக இருக்கிறது, அதனாலேயே இது சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது, அவர்கள் வளரும் வரை என் மொழிபெயர்ப்பே போதும் என்று எழுதினேன். முதல் தடவை பார்த்ததில் எனக்குப் பிழை நேர்ந்தது என்றும், என் பார்வை எந்த அளவு என்றும் சேர்த்து எழுதினேன். உன் ஆட்கள் என்னைச் சபிப்பார்கள். உனக்கு இதனால் என்ன நஷ்டம் என்று தெரிந்துதான் எழுதினேன். நீ பேசாமல் இருந்திருந்தால் வேண்டியது கிடைத்திருக்கும். பேசினாய். அதற்குப் பிறகு நான் பொய் எழுத முடியுமா?

எனக்குக் கோபம்தான். உன் மேல் இல்லை என்று சொல்ல மாட்டேன். கோபம் இருக்கிறது, நீ வேண்டும் என்பதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுது என்று உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் இப்போது மூக்கை உறிஞ்சுகிறாள். அதையும் எழுதச் சொன்னேன், எழுதிவிட்டாள்.

அண்ணன்


ஜூலை 16

அன்புள்ள அண்ணா,

நேற்றுச் சான்றிதழ் வந்தது. பெரியவர்களுக்கு மட்டும். தயாரிப்பாளர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வண்ணப் பிரிவில் ஆறு பேர் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரை வைத்துக்கொண்டு சின்னதாக ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாமலும் போகலாம். உங்கள் கருத்தை வாங்கிப் படித்தேன். எனக்கு உங்கள் மேல் பயங்கரக் கோபம். பிள்ளைகளுக்கு இது ஆகாது என்று யார் சொன்னது? பன்னிரண்டு வயதில் எனக்குப் பழைய பாட்டைப் படித்துக் காட்டியதே நீங்கள்தானே? நான் என்ன கெட்டா போனேன்?

மூன்று சாவைப் பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பிறகு ஒலிப்பதிவு செய்கிறவர், இன்னொரு தடவை படியுங்கள் என்றார். படித்தேன்.

ஆனால் அண்ணா, இரண்டாவது போர் நீளம் இல்லை. செத்தவர்களுக்கு யாருமில்லை என்கிறீர்கள். அங்கே அவர்களுக்கு யாருமில்லாமல் போவதுதான் விஷயம். அது உங்களுக்குப் புரியவில்லை. பழைய பாட்டை எடுத்து வையுங்கள், எந்த இடம் என்று வந்து சொல்கிறேன். இதைக் கடிதத்தில் எழுதித் தீர்க்க முடியாது. சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அண்ணி ஜன்னலைச் சாத்த வேண்டாம். நாம் கத்துவது பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும்.

வாலு